சீனியர் சார் வெயில் காய்ந்த நாள்

போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் மேட்டைத் தாண்டியதும் பஸ் மூச்சிரைத்துக்கொண்டு ஏறுகிற வளைவில் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. அங்கே விலங்கியல் துறையில் மல்லிகா ஆய்வக உதவியாளர். ஐம்பத்தெட்டு வயது. டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் வீடு. கணவர் தம்பையாவுக்குத் தீவு விட்டுத் தீவு ஓடுகிற கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் தண்ணீரில், பாதி நாள் கட்டிலில். மல்லிகா லீவு போடமாட்டாள், சத்தம் போடமாட்டாள், யார் டப்பாவிலிருந்தும் ஒரு முறுக்கைக்கூடக் கேட்காமல் எடுக்கமாட்டாள். அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல கல்லூரியில் ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மல்லிகாதான் அந்தக் கல்லூரியின் சரித்திரத்தை ஒரு முதலையின் வயிற்றுக்குள் திணித்து வைத்தவள். முப்பத்துநாலு வருஷமாக அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

முதலை என்றால் சின்னதில்லை. கழிமுகத்து உப்புத்தண்ணி முதலை, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை பதினோரு அடி. பாடம் செய்து, மியூசியம் அறையின் நடுவில் மர மேடையில் படுக்கவைத்திருந்தார்கள். வாய் திறந்திருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பயம் வர வேண்டும் என்றுதான் திறந்தது. ஆனால் பாடம் செய்தவரின் கைவாகு அப்படி, லீவு லெட்டர் கொண்டுவந்தவனைப் பார்த்து ஆபீசர் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு அதில் அமைந்துவிட்டது. ஒரே நிறத்தில் இரண்டு கோலிக்குண்டு கிடைக்காததால் இடது கண் பச்சை, வலது கண் நீலம். துறையில் எல்லோருக்கும் முன்னால் வந்தவர் என்பதால் மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் சீனியர் சார். கப்பல் டிக்கெட் கிடைக்காமல் பத்து நாள் தாமதமாக வந்து சேருகிற நிக்கோபார் பிள்ளைகள்கூட, விலங்கியல் எடுத்தவர்கள் என்றால், முதலில் சீனியர் சாருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள்.

தொண்ணூற்றொன்றில், மல்லிகா தினக்கூலி மஸ்தூராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் அந்த முதலை செத்துக் கரை ஒதுங்கியது. கல்லூரி அப்போது ஒரு பழைய மரக் கிடங்கில் நடந்துகொண்டிருந்தது. ஆங்கில வகுப்பில் பாடம் நடத்தினால் கணித வகுப்பில் குறிப்பு எடுக்கலாம், அவ்வளவு மெல்லிய தடுப்பு. லாரியில் வந்து இறங்கிய முதலையைப் பார்த்துப் பேராசிரியர் சிதம்பரநாதன் பூரித்துப்போனார். மாயவரத்துக்காரர். அதற்கு முன் அவர் பாடம் செய்திருந்த மிகப் பெரிய பிராணி ஒரு பெருச்சாளி.

தோலை உரித்து, உப்புப் போட்டு, தேங்காய் நார் திணித்துத் தைத்துக்கொண்டே வந்தார். தலை முடிந்தது, கால் முடிந்தது, வால் முடிந்தது. வயிற்றுக்கு வரும்போது நார் தீர்ந்துபோனது.

"ஏதாவது காய்ஞ்சதா கொண்டு வாம்மா," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து நாளாக மழை. தீவு முழுக்கத் தேடினாலும் காய்ந்த பொருள் என்று ஒன்று கிடையாது. ஆபீஸ் அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும், மரப்பலகை மேல், சிவப்புத் துணியில் கட்டிய நாலு மூட்டைக் காகிதம் மொறுமொறு என்று இருந்தது. அலமாரிக்கு வெளியே கிடப்பது குப்பைதானே என்று மல்லிகா தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு மூட்டையும் முதலை வயிற்றுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அவள் துணியை அவிழ்த்துத் திணிக்கத் திணிக்க, சார் என்ன காகிதம் என்றுகூடப் பார்க்காமல் தைத்து முடித்தார்.

மூன்றாம் நாள் ஹெட்கிளார்க் மூட்டைகளைத் தேட ஆரம்பித்தார். கல்லூரி தொடங்கிய அன்றைய அழைப்பிதழ், முதல் வருஷத்து சேர்க்கைப் பதிவேடு, ஐந்து வருஷத்துப் பரீட்சைத் தாள் எல்லாம் அதில்தான் இருந்ததாம். சிதம்பரநாதன் சார் அதற்குள் மாற்றலாகி மெயின்லேண்டுக் கப்பல் ஏறிவிட்டார். மூன்று வாரத்து தினக்கூலி மஸ்தூர் போய் என்ன சொல்வது? மல்லிகாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து தேடினாள்.

அதற்குப் பிறகு ஏழு பிரின்சிபால்கள் வந்தார்கள். ஏழு பேரும் தேடினார்கள். ஏழு தடவையும் மல்லிகா கூடவே தேடினாள். முதல் மூன்று தடவை பயத்தில் தேடினாள். அப்புறம் அது ஒரு பழக்கமாகி, கடைசியில் திறமையாகவே மாறிவிட்டது. ஏணி போட்டு ஏறிக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் தலையை விட்டுப் பார்ப்பாள். ஒரு பிரின்சிபால் அவளுடைய தேடும் அக்கறையைப் பாராட்டிச் சான்றிதழே கொடுத்தார். பழி கரையானுக்குப் போனது, பிறகு புதுக் கட்டிடத்துக்குச் சாமான் ஏற்றிய லாரிக்குப் போனது, இரண்டாயிரத்து நாலுக்குப் பிறகு சுனாமிக்குப் போனது. கல்லூரி இருப்பது மேட்டில். கடல் கீழேயே நின்றுவிட்டது. இருந்தாலும் சுனாமி வந்து மறுத்துப் பேசப்போகிறதா என்ன.

இந்த வருஷம் விஷயம் முற்றியது. கல்லூரிக்கு நாற்பதாவது ஆண்டு. அதே சமயத்தில் மெயின்லேண்டிலிருந்து மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. எட்டாவது பிரின்சிபால் உமா மகேஸ்வரி, மதுரைப் பக்கத்துக்காரர், எதையும் ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்பவர். கல்லூரி வரலாற்றை எழுதுகிற பொறுப்பை ஸ்வேதா என்ற இளம் ஆசிரியையிடம் கொடுத்திருந்தார். ஸ்வேதா ஸ்டோர் ரூமில் தும்மிக்கொண்டே தேடினாள். மல்லிகாவும் தும்மிக்கொண்டே தேடினாள்.

"முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு யாருக்குமே தெரியலை, மல்லிகா ஆன்ட்டி. ஒருத்தர் முப்பதுங்கறார். வாட்ச்மேன் நூறுங்கறார்."

"நாப்பத்திமூணு," என்றாள் மல்லிகா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதல் மூட்டையின் மேல் தாளில் அவள் கண்ணில் பட்ட எண் அது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா. பார்த்தா நாப்பத்திமூணு பேர் வந்து போன இடம் மாதிரி இருக்கு."

ஸ்வேதா ஸ்டோர் ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்று குறித்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் விலங்கியல் துறைத் தலைவர் ஹரிஹரன் மல்லிகாவைக் கூப்பிட்டார். அவர் அதே கல்லூரியில் படித்தவர். மாணவராக இருந்தபோது கூப்பிட்ட மாதிரியே இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"மல்லிகாக்கா, சீனியர் சாருக்குப் பூஞ்சை பிடிச்சிருக்கு. டீம்காரங்க பார்த்தா, தீவுல மட்டும் இருக்கிற வெள்ளை முதலைன்னு ரிப்போர்ட் எழுதிருவாங்க. துடைச்சு வைங்க. வெளியில மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, பழைய தையல்."

மல்லிகா துணியும் வேப்பெண்ணெயுமாகக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வயிற்றுத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. உள்ளே இருந்து கோடு போட்ட தாள் ஒன்றின் மூலை, நாக்கை நீட்டுகிற மாதிரி, வெளியே எட்டிப் பார்த்தது. தொட்டால் சில்லென்று ஈரம்.

புதன்கிழமை காலை, ஒன்பது நாள் மழைக்குப் பிறகு சுள்ளென்று வெயில் வந்தது. இனி யோசிக்க நேரமில்லை. காயவைத்து, கோணி ஊசியால் தானே தைத்து, மதியத்துக்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வாட்ச்மேன் வினோத்குமாரின் உதவியோடு சீனியர் சாரைத் தோட்டத்துக் கைவண்டியில் ஏற்றி, ஆள் போகாத பின்பக்கச் சரிவில், மழைநீர் ஓடுகிற வாய்க்காலோரம் புல்லில் இறக்கினாள்.

"இங்கேயே நில்லு. நான் நூல் வாங்கிட்டு வர்றேன்," என்றாள்.

வினோத்குமார் நின்றான். ஆனால் அஞ்சு நிமிஷத்தில் கேட்டில் ஹாரன் சத்தம். வியாழக்கிழமை விமானம் மழையில் திரும்பிப் போய்விடுமோ என்ற பயத்தில், மதிப்பீட்டுக் குழு ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கியிருந்தது. வினோத்குமார் தொப்பியைத் தேடிக்கொண்டு கேட்டுக்கு ஓடினான்.

அந்த நேரம் பார்த்து சங்கவி பின்பக்கம் வந்தாள். மாயாபந்தரிலிருந்து வந்து சேர்ந்து இரண்டே வாரம் ஆன பி.காம். பெண். அம்மாவோடு போன் பேச, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் அந்த வாய்க்கால் ஓரம். கதறவில்லை, ஓடவில்லை. ஒரு போட்டோ எடுத்தாள். திரும்பி நடந்து வந்து, வகுப்பில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணிடம், "பின்னாடி ஒரு முதலை வெயில் காயுது," என்றாள்.

கால் மணி நேரத்தில் போட்டோ டாலிகஞ்ச் கடைத்தெருவரை போய்விட்டது. அங்கே மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற ஸ்ரீநிவாஸ் ஓய்வு நேரத்தில் பாம்பு பிடிக்கிறவர். இரண்டு மலைப்பாம்பும் ஓர் உடும்பும் பிடித்த பெயர் இருந்தது. முதலை பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வனத்துறைக்குச் சொல்லியிருந்தார்கள், அந்த வண்டி வருவதற்குள் ஸ்ரீநிவாஸ் சுருக்குக் கயிறோடு ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

மல்லிகா நூல் வாங்கி, கேன்டீன் பொன்னம்மா கையில் திணித்த டீயைக் குடித்து, குடையும் கோணி ஊசியுமாகத் திரும்பி வந்தபோது, சரிவைச் சுற்றி முந்நூறு பேர் நின்றார்கள். கயிறு கட்டியிருந்தது. விஷயம் தெரிந்த வினோத்குமார் இன்னும் கேட்டில் டீம்காரர்களின் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். முதல் மாடி வராந்தாவில் கோட்டுப் போட்ட இரண்டு பேரும், கண்ணாடி போட்ட ஓர் அம்மாளும். அந்த அம்மாள்தான் குழுத் தலைவர் பேராசிரியை நீலாவதி என்று யாரோ பக்கத்தில் சொன்னார்கள். ஸ்ரீநிவாஸ் புல்லில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்துகொண்டிருந்தார். பிரின்சிபால் மைக்கில், "மாணவர்கள் முதலையுடன் செல்ஃபி எடுக்க வேண்டாம்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விலங்கியல் படிக்கிற பையன் ஒருவன், "அச்சு அசலா நம்ம சீனியர் சார் மாதிரியே இருக்கு," என்றான்.

"சொந்தக்காரரா இருக்கும்," என்றான் இன்னொருவன்.

மல்லிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"பீச்சே ஹட்டோ, ஆன்ட்டி," என்றார் ஸ்ரீநிவாஸ், தலையைத் தூக்காமல். "பின்னாடி போங்க. ஸான்ஸ் லே ரஹா ஹை. மூச்சு விடுது. வயிறு அசையுது, தெரியுதா?"

வயிறு அசையத்தான் செய்தது. பிரிந்த தையலுக்குள் காற்றுப் புகுந்து காகிதம் படபடத்தது. அந்தச் சத்தம் கூட்டத்தில் இருந்த எவர் காதிலும் உறுமலாக விழுந்தது. மல்லிகா காதில் மட்டும் சேர்க்கைப் பதிவேடாக விழுந்தது.

"அது செத்துப்போனது, தம்பி."

"எப்போ?"

"தொண்ணூத்தொண்ணுல."

ஸ்ரீநிவாஸ் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஆன்ட்டிக்கு யாராவது தண்ணி குடுங்க," என்றார் பரிவோடு.

சுருக்கு மாட்டி இழுத்தால் வயிறு கிழியும். கிழிந்தால் எல்லாம் வெளியே வரும், அதுவும் டீம் கண்ணெதிரில். சும்மா இருந்தாலும் மாட்டுவாள், பேசினாலும் மாட்டுவாள். என்ன செய்வது என்று தெரியாமல் மல்லிகா நின்றபோது மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது நெற்றியில். போர்ட் பிளேர் மழைக்கு முன்னறிவிப்பு அவ்வளவுதான்.

மழை என்றதும் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. முப்பத்துநாலு வருஷம் நனையாமல் காப்பாற்றிய காகிதம். கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். நேரே முதலையிடம் நடந்து போய், பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடையை விரித்து அதன் வயிற்றுக்குப் பிடித்தாள். தான் நனைந்துகொண்டு.

முந்நூறு பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். மைக்கில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. அது பிரின்சிபால்.

அவளைக் காப்பாற்றியாக வேண்டும் என்று ஸ்ரீநிவாஸுக்கு வீரம் வந்துவிட்டது. எழுந்து ஓடி, சுருக்கை வாலில் மாட்டி, காலை ஊன்றி, முழு பலத்தோடு இழுத்தார். முதலை வரவில்லை. வால் மட்டும் வந்தது. நாலரை அடி வாலை மார்போடு அணைத்தபடி அவர் மல்லாந்து வாய்க்காலில் விழுந்தார். கூட்டத்தில் இரண்டு பேர் மயங்கினார்கள். ஒருவர் கணிதத் துறை.

வால் போன வேகத்தில் வயிற்றுத் தையல் தலை வரைக்கும் பிரிந்தது. காற்று ஒரு சுழற்று சுழற்ற, மஞ்சள் தாள்கள் கொத்துக் கொத்தாக வெளியே பறந்தன.

"பிடிங்க," என்றாள் மல்லிகா. அவள் வாழ்நாளில் போட்ட ஒரே சத்தம் அது. "நனையறதுக்குள்ள பிடிங்க. அது நம்ம காலேஜு."

பிள்ளைகள் பிடித்தார்கள். கபடி ஆடுகிறவர்கள் தாவிப் பிடித்தார்கள், என்.சி.சி.காரர்கள் வரிசையில் நின்று பிடித்தார்கள். சங்கவி துப்பட்டாவை விரித்து எட்டுத் தாள் சேர்த்தாள். ஒரு தாள் பறந்து மாடி வராந்தாவில் நீலாவதிக்கு முன்னிருந்த கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். கல்லூரித் தொடக்க விழா அழைப்பிதழ். தேநீர் உண்டு என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

எல்லாத் தாளையும் செமினார் ஹால் மேசையில் பரப்பி ஃபேனைச் சுற்றவிட்டார்கள். நீலாவதி சரித்திரம் படித்தவர். கொண்டுவந்த படிவங்களை ஓரம் தள்ளிவிட்டு, பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். முதல் வருஷம் நாற்பத்துமூன்று பேர். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பேர், ரங்கத் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் 'படகு கிடைக்காததால் தாமதம்' என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். ஸ்வேதா எண்ணி முடித்துவிட்டு மல்லிகாவை ஒரு பார்வை பார்த்தாள். மல்லிகா ஃபேனைப் பார்த்தாள்.

"காலையில உங்க ஆவணக் காப்பகம் எங்கேன்னு கேட்டேனே," என்றார் நீலாவதி.

உமா மகேஸ்வரி ஜன்னல் வழியாக, புல்லில் வாலில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த முதலையைப் பார்த்தார். "அதுதான், மேடம்," என்றார்.

அப்போது மேசையின் மறுகோடியில் ஒரு மாணவன் விடைத்தாள் ஒன்றை உரக்கப் படித்தான். "எஸ். ஹரிஹரன், இரண்டாம் ஆண்டு விலங்கியல். முதலையின் இதயத்தில் மூன்று அறைகள் உள்ளன. மதிப்பெண், ஐம்பதுக்குப் பதினொன்று."

நாலு அறை என்று அங்கே இருந்த எல்லா விலங்கியல் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களுக்கு அதை நடத்தினவரே ஹரிஹரன்தான்.

"அப்போ சிலபஸ் வேற," என்றார் ஹரிஹரன்.

மறுநாள் அவர் மல்லிகாவைத் தனியாகக் கூப்பிட்டு அந்தத் தாளை நீட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "அக்கா, இந்த அஞ்சாவது கேள்வியைப் பாருங்க. படம் சரியாத்தான் போட்டிருக்கேன். ரெண்டு மார்க் குறைச்சிருக்கார்," என்றார். நிஜமாகவே வருத்தமாக இருந்தார்.

பிரின்சிபால் கூப்பிட்டது அதற்குப் பிறகு.

"எப்போலேர்ந்து உங்களுக்குத் தெரியும், மல்லிகாம்மா?"

"மொதல்லேர்ந்து, மேடம்."

"ஏன் சொல்லலை?"

மல்லிகா புடவைத் தலைப்பைப் பிசைந்தாள். "மொத நாள் பயம் மேடம். ரெண்டாம் நாள், ஏன் நேத்தே சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு பயம். மூணாம் நாளும் அதேதான். அப்படியே ஒவ்வொரு நேத்தா சேர்ந்து முப்பத்துநாலு வருஷம் ஆயிடுச்சு."

உமா மகேஸ்வரி பேனாவைத் திறந்தார். வால் உடைந்ததற்கு மெமோ கொடுத்தே ஆக வேண்டும் என்றார். கொடுத்தார். 'துறை உடைமையை அனுமதியின்றி வெயிலில் வைத்தது' என்று இருந்தது. காகிதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வெளியே வரும்போது மல்லிகாவுக்கு ஒரு பக்கம் அழுகையாக வந்தது, இன்னொரு பக்கம் பசித்தது. கேன்டீனில் போய் நாலு இட்லி சாப்பிட்டாள். முப்பத்துநாலு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவள் இட்லி சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை மாயாபந்தர் கப்பலில் தம்பையா வந்தார். மல்லிகா ஜெட்டிக்கே போய் நின்றாள். கப்பலுக்குள் செய்தி வேறு மாதிரி போயிருந்தது. போர்ட் பிளேரில் ஒரு கல்லூரி கிளார்க்கை முதலை விழுங்கித் துப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டு, அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார். பல்லுத் தடம் எதுவும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லிகா எல்லாவற்றையும் சொன்னாள். மரக் கிடங்கு, மழை, சிவப்பு மூட்டை, ஏழு பிரின்சிபால் என்று ஒன்றுவிடாமல். தம்பையா பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டே கேட்டார்.

"என்கிட்டகூடச் சொல்லலையே," என்றார் கடைசியில். கோபமில்லை, ஆச்சரியம்தான். "இது மாதிரி இன்னும் ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்ல மல்லிகா வாயெடுத்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். உண்மை சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு இந்த வாரம்தான் தெரிந்திருந்தது.

"உங்க தங்கச்சி நம்ம கல்யாணத்துக்குக் குடுத்தாளே, ஒரு குத்துவிளக்கு," என்றாள். "அது திருடு போகலைங்க."

தம்பையா பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். டெய்ரி ஃபார்ம் வர இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது.